எதிர்மலைக்குத் தெரிஞ்சது

எங்க மாவட்டத்து எல்லையில ஒரு பெரிய பலகை வெச்சிருக்காங்க. இயற்கை எழில் கொஞ்சும் மலை மாவட்டம் உங்களை அன்புடன் வரவேற்கிறதுன்னு எழுதியிருக்கும். எழுதின மகராசன் ஒரு தடவை எங்க வீடு வரைக்கும் நடந்து வந்து பார்க்கட்டும். முட்டி ரெண்டும் கழண்டு கையில வந்ததும் எந்த எழில் எங்க கொஞ்சுதுன்னு அவனே சொல்லுவான்.

எங்க மாவட்டத்தைப் பத்தி ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டா போதும். இங்க எல்லாத்தையும் பார்க்கலாம், எங்கயும் போக முடியாது. என் வீட்டு வாசல்ல நின்னா எதிர்மலையில யாரு துணி காயப்போடறா, யாரு வீட்டுக் கூரை பறந்துபோச்சு, யாரோட மாடு யாரு வேலியைப் பிய்க்குது, அத்தனையும் தெரியும். கூப்பிட்டா சத்தம் போகும், ஆனா என்ன சொல்றோம்னு புரியாது. போய்ச் சொல்லலாம்னா நடுவுல ஆறு. இறங்கி ஏறறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். அதனால எங்க ஆளுங்க கண்ணால பார்த்தே கதை கட்டிக்குவாங்க. பார்த்த கதையை யாரும் திருப்பிக் கேட்டுச் சரிபார்க்கறதில்லை, அவ்வளவு தூரம் யாரு நடக்கறது?

சரித்திரமும் சொல்லிடறேன், அது ரொம்ப நீளமில்லை. முதல்ல மரம் வெட்ட வந்தாங்க, மரம் தீர்ந்ததும் போயிட்டாங்க. அப்புறம் மண்ணுக்கடியில தாமிரம் இருக்குன்னு தோண்ட வந்தாங்க, இல்லைன்னதும் குழியை மூடாம விட்டுட்டுப் போனாங்க. இன்னிக்கும் அதுல ஆடு விழுந்து சாகுது. அதுக்கப்புறம் ரோடு. அது எங்க பக்கம்தான் வர்றதா இருந்துச்சு. அளந்தாங்க, கல்லு நட்டாங்க, நாங்களும் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னோம். அப்ப இருந்த பெரிய மனுசனுக்கு எதிர்மலையில மாமியார் வீடு. ரோடு மாமியார் வீட்டுக்குப் போயிடுச்சு. அந்தப் பக்கம் அடிவாரத்துல, ஆத்துப் பாலத்துக்கிட்ட இருக்கற டீக்கடையோட நின்னுபோச்சு. எங்க பக்கத்துக்குக் கிடைச்சது குவாரி மட்டும்தான். அந்த ரோட்டுக்கு ஜல்லி எங்க மலையை உடைச்சு, கழுதை மேல ஏத்தி இறக்கினது. எங்க வீட்டுக்காரர் அந்தக் குவாரியில பாறைக்குத் துளை போடறவர்.

ரோடு இல்லாத ஊருன்னா நோயாளியைத் தூக்கித்தான் இறக்கணும். கயித்துக் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நீளமா கழி கட்டி, நாலு பேரு தோள்ல வெச்சு இறங்குவாங்க. அதுக்கு ஒரு முறை இருக்கு. உயிரோட இருக்கறவங்களுக்குத் தலை எப்பவும் மேட்டுப் பக்கம். இறங்கினாலும் ஏறினாலும் அப்படித்தான். தலை கீழே போனா ரத்தம் அங்க இறங்கும், மயக்கம் வரும், வாந்தி வரும். செத்தவங்களுக்குத் தலை பள்ளத்துப் பக்கம். அவங்களுக்கு என்ன மயக்கமா வரப்போகுது? கனமான பக்கம் கீழே போனா இறக்கறவனுக்குச் சுலபம், அவ்வளவுதான் விஷயம். ஆனா இத்தனை காலமா பார்த்துப் பார்த்து, எங்க மலையில இருந்து ஒரு கட்டில் இறங்கறது தெரிஞ்சாலே எதிர்மலைக்காரங்க தலை எந்தப் பக்கம்னுதான் முதல்ல பார்ப்பாங்க. மேட்டுப் பக்கம்னா ஜீப்புக்காரன் வண்டியைத் திருப்பி நிறுத்திக்குவான். பள்ளத்துப் பக்கம்னா மண்வெட்டியைத் தேடுவாங்க.

ஒரு நாள் காலையில குவாரியில வேட்டு வெச்சதுல ஒரு கல்லு சரிஞ்சு எங்க வீட்டுக்காரரோட தொடையில விழுந்துச்சு. நான் போறதுக்குள்ள குவாரி மேஸ்திரி ஒரு வேட்டியைக் கிழிச்சு தொடைக்கு மேல இறுக்கிக் கட்டியிருந்தாரு. அதுக்குக் கீழ இருந்ததை நான் ஒரு தடவைதான் பார்த்தேன். மேஸ்திரி என்னைத் தனியா கூப்பிட்டு, "மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சுட்டா பொழைச்சுக்குவான்மா. கால் போகலாம், ஆள் நிப்பான். லேட்டானா என் கையில இல்லை" அப்படின்னாரு. கால் போனா போகட்டும். காலைப் பார்த்தா நான் கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?

மேஸ்திரியே உச்சிக்கு ஏறி, டவர் கிடைக்கற இடத்துல இருந்து ஜீப்புக்காரனுக்குப் போன் பண்ணினாரு. ஆள் உயிரோட இருக்கான், டீக்கடைகிட்ட வண்டியை நிறுத்தி வை, சவாரி ஏத்தாதேன்னு. அவனும் சரின்னுட்டான். இந்தப் பள்ளத்தாக்குக்கே அந்த ஒரு ஜீப்புதான்.

தூக்கறதுக்கு நாலு பேரு. முன்னால நெட்டையன், அவனுக்குப் பக்கத்துல கொல்லர். நெட்டையன் தோள் உசரம், கொல்லர் கை இரும்பு, இறக்கத்துல முன்னால நிக்க இவங்கதான் சரி. பின்னால தலைப் பக்கத்துக்கு ஆட்டுக்காரரும் என் கொழுந்தனும். கொழுந்தன்னா இவருக்கு ஒரே தம்பி. அவனைக் கெட்டவன்னு சொல்ல மாட்டேன். திருட மாட்டான், குடிக்க மாட்டான், யாரு மேலயும் கை நீட்ட மாட்டான். அவன் உடம்பு வலிக்கக் கூடாது, அவ்வளவுதான் அவனுக்கு வேணும். சின்ன வயசுல இருந்து அவன் தண்ணிக்குடத்தையும் சேர்த்து இவர்தான் தூக்கியிருக்காரு. சாப்பிட உட்கார்ந்தா முதல் ஆளு, எழுந்து தட்டைக் கழுவறதுன்னா அவனைக் காணோம்.

காட்டுக்குள்ள இறங்கற வரைக்கும் நல்லாத்தான் போச்சு. இவருக்கு நினைவு இருந்துச்சு. "அடுப்பை அணைச்சியா?" அப்படின்னு கேட்டாரு. தொடை பிளந்து கிடக்கு, மனுசனுக்கு அடுப்புக் கவலை. அணைச்சுட்டேன்னேன். பொய்தான்.

கொழுந்தன் கொஞ்ச தூரத்துலயே ஆரம்பிச்சுட்டான். தோள் அறுக்குதுங்கறான், கழி சரியில்லைங்கறான், ஆட்டுக்காரர் குள்ளமா இருக்கறதால பாரமெல்லாம் தன் பக்கமே சாயுதுங்கறான். ஆட்டுக்காரர் வாயே திறக்கலை. "உங்க அண்ணன்டா, அரிசி மூட்டை இல்லை" அப்படின்னேன். "மூட்டைன்னா இறக்கி வெச்சுட்டு பீடி பத்த வெச்சிருப்பேனே அண்ணி" அப்படின்னு சிரிச்சான். கட்டில்ல இருந்து இவரும் சிரிச்சாரு. தம்பி என்ன சொன்னாலும் இவருக்குச் சிரிப்பு வந்துடும்.

காடு முடியற இடத்துல ஒரு தட்டைப் பாறை இருக்கு. வழி முழுக்கக் கட்டிலை இறக்கி வைக்க அது ஒண்ணுதான் இடம். அதுக்கு அந்தப் பக்கம் மொட்டைச் சரிவு. ஒரு மழையில மரமெல்லாம் மண்ணோட போயிடுச்சு, பாதை மட்டும் ஒத்தையடியா தொங்கிக்கிட்டு இருக்கு. அதுல நடந்தா எதிர்மலை மொத்தத்துக்கும் தெரியும், கீழ டீக்கடைக்கும் தெரியும். பாறையில கட்டிலை வெச்சதும் கொழுந்தன் தோளைத் தேய்ச்சுக்கிட்டே சொன்னான்.

"கொல்லண்ணே, இங்கேயே திருப்பிடலாம். தலை முன்னால வந்தா உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. எங்களால முடியலைண்ணே, சரிவுல கால் வழுக்கினா எல்லாரும் போயிடுவோம்."

கொல்லர் என்னைப் பார்த்தாரு. நான் சொன்னேன், "திருப்பக் கூடாது. ஜீப்புக்காரன் கீழ இருந்து பார்த்துக்கிட்டு இருப்பான். போயிட்டாருன்னு நினைப்பான்."

"அவன் தூங்கிக்கிட்டு இருப்பான் அண்ணி. அவனுக்குத்தான் போன்லயே சொல்லியாச்சே, உயிரோட இருக்காருன்னு."

"அது காலையில சொன்னது. வழியில போயிட்டாருன்னு நினைக்க மாட்டானா?"

"சரிவைத் தாண்டினதும் திருப்பிக்கலாம். ஒரு வளைவு, அதுக்குப் போய் இப்படியா?"

"தாண்டினா திருப்ப இடமே இல்லையேடா. பாலம் வரைக்கும் படிதான்."

பேசிக்கிட்டு இருக்கும்போதே நெட்டையன் கட்டிலோட ஒரு முனையைத் தூக்கிட்டான். நேரம் போகுது, சண்டை போட இது நேரமில்லைங்கறான் அவன். அவன் சொன்னதும் நியாயம்தான். கொல்லரும் தூக்கினாரு. பொம்பளை பேச்சைக் கேட்டு நாலு ஆம்பளைங்க நிக்கற வழக்கம் எங்க ஊர்ல எப்ப இருந்துச்சு? கட்டில் சுத்துச்சு. தலை பள்ளத்துப் பக்கம் போச்சு. கொழுந்தன் கால்மாட்டுக்கு வந்து கழியைத் தோள்ல வெச்சுக்கிட்டு, "இப்ப எவ்வளவு பரவால்ல பாருங்க" அப்படின்னான்.

சரிவுல கால் வெச்சதும் கீழே பார்த்தேன். டீக்கடை வாசல்ல ஜீப் நின்னுச்சு. பக்கத்துல ஒரு ஆள் கையைப் புருவத்துல வெச்சு எங்களைப் பார்த்துக்கிட்டு நின்னான். தோள்ல கிடந்த துண்டை உருவி தலைக்கு மேல ஆட்டினேன். உயிரோட இருக்காரு, போயிடாதேன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அவன் தலையில இருந்த தொப்பியை எடுத்து நெஞ்சுல வெச்சுக்கிட்டான். ஒரு பொம்பளை முடியை விரிச்சுக்கிட்டு துண்டை வீசிக் கத்தறா, முன்னால கட்டில் தலைகீழா போகுது. அவன் இடத்துல நான் இருந்திருந்தாலும் வேற என்ன நினைச்சிருப்பேன்? அந்த வயித்தெரிச்சலை யாருகிட்டப் போய்ச் சொல்றது.

நாங்க சரிவைத் தாண்டறதுக்குள்ள சந்தைக்குப் போறவங்க நாலஞ்சு பேரை ஏத்திக்கிட்டு ஜீப் கிளம்பிடுச்சு. ஒவ்வொரு வளைவா ஏறி மறையறதை நான் பார்த்துக்கிட்டே நடந்தேன். கொழுந்தனும் பார்த்தான். கழியை இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்திக்கிட்டான்.

படியில இறங்க இறங்க இவருக்குத் தலை சுத்தல் அதிகமாச்சு. "தலையை எதுலயோ அமுக்கறாப்பல இருக்கு, கொஞ்சம் தூக்கி விடு" அப்படிங்கறாரு. நான் ஒரு கையால தலையைத் தாங்கிக்கிட்டே பக்கவாட்டுல நடந்தேன். ரெண்டு தடவை வாந்தி எடுத்தாரு. வேட்டிக்கட்டு முழுக்க ஊறிப்போய் சொட்ட ஆரம்பிச்சுடுச்சு.

டீக்கடையில பெஞ்சு ரெண்டைச் சேர்த்துப் போட்டு அதுமேல கட்டிலை வெச்சோம். டீக்கடைக்காரர் இவரைக் குனிஞ்சு பார்த்துட்டு, "உசிரு இருக்கேம்மா" அப்படின்னாரு. ஏதோ நான் கவனிக்காம விட்டுட்ட மாதிரி. போன் பண்ணுங்கன்னேன். இந்தப் பள்ளத்துல டவர் எங்க இருக்கு, மேல மைல் கல்லுகிட்டப் போகணும்னாரு. கொழுந்தனோட போனைப் பிடுங்கிக்கிட்டு நானே ஓடினேன். மூச்சு வாங்க நின்னு போட்டேன். ஜீப்புக்காரன் எடுத்தான். வண்டிச் சத்தத்துக்கு நடுவுல, "அண்ணே, அவரு" அப்படின்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவனே பேசினான்.

"தெரியும்மா, பார்த்தேன். நல்ல மனுசன். மனசைத் தேத்திக்கோங்க. டவுன்ல குவாரி ஆபீஸ்ல சொல்லிடறேன், பெட்டிக்கு ஏற்பாடு பண்ணுவாங்க. வரும்போது நானே ஏத்திக்கிட்டு வந்துடறேன், நீங்க ஒண்ணுத்துக்கும் அலைய வேண்டாம்."

லைன் போயிடுச்சு. திரும்பத் திரும்பப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு ஒருத்தி சொல்லிக்கிட்டே இருந்தா. அவளை நான் திட்டின வார்த்தையை இங்க எழுத முடியாது.

திரும்பி வந்து பார்த்தா டீக்கடையில கூட்டம். எதிர்மலையில இருந்து ஆம்பளைங்க மண்வெட்டியும் கடப்பாறையுமா இறங்கி வந்திருந்தாங்க. உதவிக்குத்தான் வந்தாங்க, தப்பா சொல்லக் கூடாது. இந்த மாவட்டத்துல சாவுக்குன்னா ஆள் வர்றதுல குறையே இருக்காது. கம்பளி விக்கிற அம்மா ஒருத்தி, எனக்குத் தூரத்துச் சொந்தம், என் பெரியம்மா முறை, நேரா கட்டில்ல விழுந்து என்னைப் பெத்த ராசான்னு அழ ஆரம்பிச்சா. இவர் கண்ணைத் திறந்தாரு.

"யாரு போயிட்டா பெரியம்மா?"

அவ அப்படியே வாயை மூடிக்கிட்டா. எழுந்து முந்தானையை உதறி, என்னைப் பார்த்த பார்வை இருக்கே, நான் ஏதோ அவளை ஏமாத்தி வரவழைச்ச மாதிரி. "என்னடி இது, உசிரோட இருக்கறவனைப் போய் தலை மாத்தித் தூக்கிட்டு வருவாங்களா? அறிவு வேண்டாம்?" அப்படின்னா. நான் கொழுந்தனைப் பார்த்தேன். அவன் டீ குடிச்சுக்கிட்டு இருந்தான்.

வேற வண்டி ஏதாவது கிடைக்குமான்னு எல்லாரையும் கேட்டேன். பாலத்துக்கிட்ட ஜல்லி ஏத்தற குவாரி லாரி ரிப்பேர்ல நிக்குது. கட்டிலோடயே ரோட்டுல தூக்கிட்டுப் போகலாம்னு கொல்லர் சொன்னாரு. ஆஸ்பத்திரி அவ்வளவு தூரம், நடந்தா நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்னு எல்லாரும் சொன்னாங்க. சரி, ஜீப் வர்ற வழியில எதிர்ல மடக்கலாமேன்னேன். வெயில்ல வெச்சு ஆட்டினா இருக்கறதும் போயிடும், அவனே வந்துடுவான்னாங்க. அத்தனையும் பார்த்தா சரியான பேச்சுதான். சரியான பேச்சா பேசிப் பேசியே மத்தியானம் தாண்டிடுச்சு. யாரும் திரும்பிப் போகலை. "வந்தது வந்தாச்சு, இருந்து முடிச்சுட்டே போயிடலாம்" அப்படின்னு ஒரு ஆள் மண்வெட்டியைத் தலைக்கு வெச்சுப் படுத்தான். இவருக்குக் காது நல்லாக் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. என் கையைப் பிடிச்சு, "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க போல" அப்படின்னாரு. கேலியாத்தான் சொன்னாரு. எனக்கு அந்தக் கூட்டத்தை அப்படியே ஆத்துல தள்ளணும் போல இருந்துச்சு.

வெயில் சாயும்போது ஜீப் வந்துச்சு. பின்னால, ஆள் உட்கார்ற இடத்துல நீளமா ஒரு பலகைப் பெட்டி. வளைவுல நழுவக் கூடாதுன்னு புதுக் கயிறு போட்டு, குறுக்கும் நெடுக்குமா இழுத்துக் கட்டியிருந்தான். இறங்கினவன் இவர் கண்ணு அசையறதைப் பார்த்ததும் அப்படியே நின்னுட்டான். "ஐயோ, நான் தலையைப் பார்த்துட்டுத்தானே போனேன்" அப்படின்னான். அதுக்கப்புறம் ஓடித்தான் வந்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். பெட்டியை இறக்கினாத்தான் கட்டிலை ஏத்த முடியும். நான் டீக்கடையில இருந்து கத்தியை எடுத்துக்கிட்டுப் போனேன். அவன் என் கையைப் பிடிச்சுக்கிட்டான்.

"அறுக்காதீங்கம்மா, புதுக் கயிறு. இதோ அவிழ்த்துடறேன், ஒரு நிமிசம்."

வழியில தூறல் போட்டிருந்துச்சு. முடிச்செல்லாம் நனைஞ்சு இறுகிக் கிடந்துச்சு. அவன் பல்லால கடிச்சு இழுக்கறான், கொல்லர் ஒரு ஆணியை விட்டு நெம்பறாரு, ஆளாளுக்கு இந்தப் பக்கம் இழு அந்தப் பக்கம் இழுன்னு யோசனை சொல்றாங்க. கடைசி முடிச்சு அவிழ்ந்து பெட்டியைத் தரையில வெச்சுட்டுத் திரும்பினா, ஆட்டுக்காரர் கட்டில்கிட்ட நின்னு தலையை ஆட்டறாரு. காலையில இருந்து அந்த மனுசன் எனக்குச் சொன்ன ஒரே பதில் அதுதான்.

நான் அழலை. அழறதுக்கு அங்க நிறைய பேரு தயாரா வந்திருந்தாங்க, அவங்க பார்த்துக்கிட்டாங்க.

பெட்டி இறக்கினது வீண் போகலைன்னு யாரோ சொன்னாங்க. இவரைத் தூக்கி அதுல வெச்சுப் பார்த்தா நீளம் பத்தலை. இவர் வாட்டசாட்டமான ஆளு, குவாரி ஆபீஸ்ல குத்துமதிப்பா வாங்கி அனுப்பியிருக்காங்க. எல்லாரும் சுத்தி நின்னு யோசிச்சாங்க. கொழுந்தன் குனிஞ்சு பார்த்துட்டுச் சொன்னான்.

"ஒடிஞ்ச கால்தானே, மடக்கினா மடங்கும்."

அவன் கெட்ட மனசுல சொல்லலை. பெட்டியில இருந்தா தூக்க ஆள் நிறைய பிடிக்கலாம், தன் தோளுக்குச் சுலபம்னு கணக்குப் போட்டான். எனக்கு அது தெரிஞ்சுதான் ரத்தம் கொதிச்சுது. நான் பெட்டியைக் காலால எட்டித் தள்ளினேன். டீக்கடைக்காரர் பிற்பாடு அதுல விறகு போட்டு வெச்சிருந்தாராம், மழையில நனையாம இருந்துச்சுன்னு சொன்னாரு.

"வந்த கட்டில்லயே வீட்டுக்குப் போகட்டும்" அப்படின்னேன். "தலைப் பக்கம் இவன் பிடிக்கட்டும்."

ஏத்தத்துல தலை பள்ளத்துப் பக்கம்னா, பின்னால இருக்கறவனுக்குத்தான் மொத்த பாரமும். அவனுக்கு அது தெரியும். அத்தனை பேரு முன்னால, அண்ணனைத் தூக்க மாட்டேன்னு எப்படிச் சொல்லுவான்? கழியைத் தோள்ல வாங்கினான். நான் அவனுக்குப் பின்னாலேயே நடந்தேன். பக்கத்துல பிடிச்சவங்க மாறினாங்க, முன்னால பிடிச்சவங்க மாறினாங்க. இவன்கிட்ட யாராவது வந்தா, "அவன் அண்ணன், அவனே தூக்குவான்" அப்படின்னு நான் அனுப்பிட்டேன். தோளை மாத்தப் பார்த்தான். "அந்தத் தோள்லயே இருக்கட்டும்" அப்படின்னேன். படியில ஏறும்போது அழ ஆரம்பிச்சான், சின்னப் பிள்ளை மாதிரி மூக்கு ஒழுக. சட்டை கிழிஞ்சு, தோல் உரிஞ்சு, கழி சிவப்பாயிடுச்சு. அண்ணி, அண்ணின்னு கூப்பிட்டான். எனக்குக் காது கேட்கலை. மொட்டைச் சரிவுல, எதிர்மலை மொத்தமும் பார்க்க, ஒரு இடத்துல முட்டி போட்டுட்டான். எழுந்திருன்னேன். எழுந்தான்.

இதெல்லாம் நடந்து எத்தனையோ மழை போச்சு. இப்பவும் சந்தைக்கு அந்தப் பக்கம் போனா யாராவது என் கையைப் பிடிச்சு நிறுத்திடுவாங்க. அண்ணன் தலைமாட்டை ஒருத்தருக்கும் குடுக்காம, அழுதுக்கிட்டே, தோள் கிழிய மலை உச்சி வரைக்கும் தூக்கிட்டுப் போனானே, நாங்க வாசல்ல நின்னு பார்த்தோமேம்மா, இந்தக் காலத்துல அப்படி ஒரு பாசத்தை எங்க பார்க்கறதுன்னு சொல்லுவாங்க. வீட்டுப் பசங்க சண்டை போட்டா அவனைக் காட்டித்தான் புத்தி சொல்றாங்களாம். போன வாரம் கம்பளிக்காரப் பெரியம்மாகூட, "புருசன் போனாலும் அப்படி ஒரு கொழுந்தன் கிடைக்க நீ குடுத்து வெச்சிருக்கணும்டி" அப்படின்னா. நான் ஆமா பெரியம்மான்னு சொல்லிட்டு வந்தேன்.